மருந்துக் குடுவை: அசலை எடுப்பதா, நகலை எடுப்பதா?

போன டிசம்பரில் என் அத்தை மகன் ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நின்றபடியே வாட்ஸ்அப்பில் நான்கு படங்களை அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "மச்சான், இந்த நாலுல எதை எடுக்கட்டும்? நாலுமே வெள்ளைக்காரன் காலத்துச் சரக்குன்னு கடைக்காரர் சொல்றாரு. ஊருக்குக் கொண்டுபோய் வீட்டுல வைக்கணும்." ஊர் என்று அவன் சொன்னது மான்செஸ்டரை.

நான்கும் பவுடர் ஃபிளாஸ்க். மருந்துக் குடுவை என்று நான் சொல்வது வழக்கம். குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிகள் இருந்த காலத்தில், வேட்டைக்குப் போகிறவர்கள் கருமருந்து என்ற வெடிமருந்தை இதில்தான் எடுத்துப் போனார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பேரிக்காய் வடிவம். தாமிர உடல், பித்தளைத் தலை. தலையில் ஒரு மூக்கு, ஒரு லீவர், ஒரு ஸ்பிரிங். மூக்கின் வாயை விரலால் அடைத்து, குடுவையைக் கவிழ்த்து, லீவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் மூக்கு நிறைய மருந்து இறங்கும். லீவரை விட்டதும் உள்ளே இருக்கிற தகடு 'டக்'கென்று மூடிக்கொள்ளும். மூக்கில் நிற்பது ஒரு வெடிக்கு வேண்டிய அளவு. தாமிரமும் பித்தளையும் உரசினால் தீப்பொறி வராது. உடலை இரும்பில் செய்யாமல் இவற்றில் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, காசு கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை நானே மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினேன். பையில் ஒரு காந்தம், பத்து மடங்கு லென்ஸ், வெர்னியர், திருகின் மரை இடைவெளியைத் தகடு வைத்து அளக்கிற பிட்ச் கேஜ், பென் டார்ச், கள்ள நோட்டு பார்க்கிற யூவி டார்ச். கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு இவையெல்லாம் கைக்கெட்டுகிற சாமான்கள்.

முதலில் தள்ளிவைத்தது

நான்காவது குடுவையைக் கையில் வாங்கியதுமே கீழே வைத்துவிட்டேன். அளவுக்கு மீறிய கனம். லீவர் அசையவே இல்லை, தலையோடு சேர்த்து ஒரே வார்ப்பாக ஊற்றியிருந்தார்கள். மருந்து போக வழியில்லாத மருந்துக் குடுவை. மொராதாபாத் பக்கம் சுவரில் மாட்டி அழகு பார்க்கப் பித்தளையில் வார்க்கிறார்களே, அந்த வகை. கேட்ட விலை 2,500 ரூபாய். சுவருக்குத்தான் என்றால் வாங்கலாம், ஆனால் அதற்கு இந்த விலை அதிகம்.

இந்த வகையில் இன்னொரு ஏமாற்று உண்டு. இரும்புத் தகட்டில் செய்து மேலே தாமிர முலாம் பூசியிருப்பார்கள். காந்தத்தை வயிற்றில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். தாமிர நிறக் குடுவையில் காந்தம் ஸ்பிரிங்கிலோ திருகிலோ வளையத்திலோ ஒட்டலாம், உடலில் ஒட்டக் கூடாது.

மான் போட்டதும் மொட்டையானதும்

மீதி மூன்றில் என் அத்தை மகனின் கண் போனது இரண்டாவதன் மேல். துள்ளுகிற மான், பின்னால் ஓடுகிற நாய்கள், சுற்றிலும் இலைக்கொடி. விலை 9,000. ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்தது என்று கடைக்காரர் சொன்னார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை, அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

முதல் குடுவையில் படமே இல்லை. மொட்டை வயிறு, அதிலும் ஒரு பக்கம் பெருவிரல் அளவு சொட்டை. நிறம் பழைய வெல்லம் மாதிரி. விலை 14,000. "இந்த ஓட்டைக்கா இவ்வளவு?" என்று அவன் கேட்டான்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் வருகிறது. எல்லாரும் குடுவையின் வயிற்றைப் பார்க்கிறார்கள். தலையைப் பார்க்க வேண்டும். வயிற்றில் இருப்பது ஒரே ஒரு அச்சு. நல்ல அச்சு ஒன்றை வெட்டிவிட்டால் மானையும் நாயையும் இன்றைக்கும் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். தலை அப்படியில்லை. அது பல துண்டுகள் சேர்ந்த ஒரு குட்டி இயந்திரம். ஒவ்வொரு துண்டையும் அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடி அரம் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கூலியைக் கொடுத்து நகல் செய்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

மொட்டைக் குடுவையின் தலையில் லென்ஸை வைத்தேன். கழுத்துப் பட்டையில் சின்ன எழுத்தில் 'ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்ட்' என்ற முத்திரை. டிக்சன் என்பது ஷெஃபீல்டில் டான் ஆற்றங்கரையில் கார்னிஷ் பிளேஸ் என்ற பெரிய ஆலையில் இயங்கிய நிறுவனம். 1835இல் இருந்துதான் பெயரில் 'சன்ஸ்' என்று பன்மை வருகிறது. அதே ஊரில் ஹாக்ஸ்லி என்ற போட்டிக்காரரும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகம் முழுக்கப் போன வேட்டைக் குடுவைகளில் பெரும்பங்கு இந்த ஒரே ஊரில் அடித்தது. பின்பக்கமாகத் தோட்டா போடுகிற துப்பாக்கிகள் 1860களில் பரவியதும் குடுவைக்கு வேலை குறைந்துபோனது.

ஆனால் முத்திரையைப் பார்த்த உடனே நம்பிவிட வேண்டாம். முத்திரை குத்த ஓர் உளி போதும். அதே டிக்சன் 20ஆம் நூற்றாண்டிலும் குடுவை செய்திருக்கிறது. ஆகவே பெயர் உண்மையாக இருந்தும் வயது பொய்யாக இருக்கலாம். முத்திரையோடு 'மேட் இன் இங்கிலாந்து' என்று சேர்ந்திருந்தால் அநேகமாக அது பிந்தைய சரக்கு. வெளிநாட்டுப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் மெக்கின்லி வரிச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் இப்படி நாட்டுப் பெயர் போடுவது பரவலானது.

நான் நம்பியது மூக்கை. அதில் 2¼, 2½, 2¾ என்று எண்களும் 'டிராம்ஸ்' என்ற சொல்லும் குத்தியிருந்தது. மூக்கைத் திருகி நகர்த்தினால் அளவு மாறும். டிராம் என்பது அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1.77 கிராம். இரண்டரை டிராம் என்றால் நாலரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவான மருந்து, பறவை சுடுகிற துப்பாக்கிக்கு ஒரு வெடி. மான் குடுவையின் மூக்கில் எந்த எண்ணும் இல்லை, நகரவும் இல்லை. கைத்துப்பாக்கிக் குடுவைகளில் நகராத மூக்கு அசலிலும் உண்டு. இவ்வளவு பெரிய வேட்டைக் குடுவைக்கு அது பொருந்தவில்லை.

திருகும் மரையும்

கடைக்காரரிடம் அனுமதி வாங்கி இரண்டிலும் கழுத்துத் திருகுகளைக் கழற்றினேன். பழைய பொருளில் திருகு வரவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். வெட்டு சிதைந்தால் அந்தக் குடுவைக்குச் சேதம், அதைச் செய்தது நீங்கள் என்று ஆகிவிடும்.

மான் குடுவையின் நான்கு திருகும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. வெர்னியரில் விட்டம் மூன்று மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு. பிட்ச் கேஜில் 0.5 தகடு பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. அது எம்3 மெட்ரிக் மரை. கோவை கிராஸ்கட் ரோட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற திருகு. விக்டோரியா காலத்து ஷெஃபீல்ட் பட்டறையில் அதற்கு வேலையே இல்லை. ஒரு திருகு மட்டும் அப்படி இருந்தால் தொலைந்துபோனதற்கு யாரோ மாற்றுப் போட்டார்கள் என்று விட்டுவிடலாம். நான்கும், அவை போகிற துளைகளும் மெட்ரிக் என்றால் பொருளே அந்தத் திருகின் காலத்தது.

டிக்சனின் திருகுகள் வேறு கதை. தலை லேசாக உருண்டை, வெட்டு மெல்லியது, ஒன்றில் வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது. மெட்ரிக் கேஜில் எந்தத் தகடும் சரியாக உட்காரவில்லை. முதல் துளையின் திருகு மூன்றாம் துளையில் பாதி போய் நின்றுவிட்டது. இங்கிலாந்தில் இவ்வளவு சின்னத் திருகுகளுக்குப் பொது அளவு என்று 1884இல்தான் பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை வந்தது. அதுவரை பட்டறைக்குப் பட்டறை தனித்தனி அளவு. தலையைத் திருப்பி வைத்தால் துளைகள் நேராகவில்லை, ஒரே ஒரு வாட்டத்தில்தான் உட்கார்ந்தது. யாரோ ஒருவர் தன் பெஞ்சில் இந்தத் தலையையும் இந்த உடலையும் ஒன்றுக்கொன்று துளைத்திருக்கிறார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் கைவாட்டத்தைத் தொட்டுப் பார்க்கிற இந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இவற்றைச் சேர்க்கிறேன்.

அழுக்கு வேறு, தேய்மானம் வேறு

பழுப்பை ஒரு ராத்திரியில் வரவைக்கலாம். அம்மோனியா ஆவி, கந்தகக் கரைசல் என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த வழிகள் பல. ஆனால் அப்படி வருகிற நிறம் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். அசலில் கை படுகிற மேடு வெளுத்திருக்கும், கை எட்டாத மூலை கறுத்திருக்கும், ஈயப்பற்று வைத்து இணைத்த இடத்தில் பச்சைக் களிம்பு சேர்ந்திருக்கும்.

இதைவிட உறுதியானது தேய்மானம். டிக்சனின் லீவர் போய் வருகிற பாதையில், தகட்டின் மேல் வில் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. ஸ்பிரிங்கின் நுனி உட்காருகிற இடத்தில் பித்தளை லேசாகக் குழிந்திருந்தது. கட்டைவிரல் படுகிற லீவர் முனையில் கோடு கோடாக இருந்த பிடிமானம் மழுங்கியிருந்தது. தோள்கயிறு மாட்டுகிற வளையம் ஆடி ஆடி, தன் காதுக்குள்ளே பள்ளம் தோண்டியிருந்தது. மான் குடுவையில் அழுக்கு நிறைய இருந்தது. லீவருக்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லை. ஆயிரம் தடவை அழுத்திய லீவர் அப்படி இருக்காது.

ஸ்பிரிங்கையும் பாருங்கள். அசலில் அது பதம் போட்ட எஃகு, அடியில் தடித்து நுனிக்கு வரவர மெலிந்து வரும், நீலம் போட்ட சாயல் எங்காவது மிச்சமிருக்கும். நகலில் ஒரே தடிமனான பட்டையை வளைத்துத் திருகியிருப்பார்கள்.

உடலின் விளிம்பில் ஓடுகிற பற்றும் பேசும். அசல் குடுவை இரண்டு தாமிரத் தகடுகளை எஃகு அச்சில் அடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஈயப்பற்று வைத்தது. நூல் பிடித்த மாதிரி மெல்லிய சாம்பல் கோடு தெரியும். தலையைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால், அடித்த குடுவையில் வெளியே மேடாக இருப்பது உள்ளே பள்ளமாகத் தெரியும். படம் போட்ட குடுவையின் உள்சுவர் வழவழவென்று இருந்தால் அது வார்ப்பு. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்ததாக இருந்தால் உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும், ரோமமும் இறகும் மழுங்கிப்போகும். மான் குடுவை வார்ப்பு இல்லை, அடித்ததுதான். அதனால்தான் அது ஏமாற்றுகிறது.

யூவி டார்ச் அடித்தபோது டிக்சனின் கழுத்து இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு மின்னியது. அது அரக்கு. அந்தக் காலத்தில் பித்தளைக்குப் பூசிய வார்னிஷ் பெரும்பாலும் அரக்கில் காய்ச்சியது. மான் குடுவையின் மேல்பூச்சு வெளிறிய நீலமாகத் தெரிந்தது. ஆரஞ்சு இல்லாவிட்டால் நகல் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள், பல அசல்களில் பூச்சு முழுக்க உரிந்துபோயிருக்கும்.

இன்னொன்று. டிக்சனின் அடிவயிற்றில் கறுப்பாக ஒரு படிவு ஒட்டியிருந்தது. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் அதன் குணம் போகாது. உள்ளே எதுவும் குலுங்கினாலோ ஒட்டியிருந்தாலோ சூடு காட்டக் கூடாது, இரும்புக் கம்பியால் சுரண்டக் கூடாது, பற்றவைக்கப் பட்டறைக்கு எடுத்துப்போகக் கூடாது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, பலமுறை அலசிக் கொட்டினால் வெடியுப்பு கரைந்து போய்விடும். அதன் பிறகுதான் மற்ற வேலை.

இத்தாலிக் குடுவை

மூன்றாவதைப் பற்றிக் கடைக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை. லீவருக்கு அடியில் அழுக்கைத் துடைத்ததும் 'மேட் இன் இத்தாலி' என்று வந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்தக் குடுவை மேல் மரியாதைதான் வந்தது.

1950களின் கடைசியிலிருந்து, முக்கியமாக அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டை ஒட்டி, பழைய பாணித் துப்பாக்கிகளை மறுபடி செய்து சுடுகிற விளையாட்டு வளர்ந்தது. இத்தாலியில் பிரெஷா அருகே கார்தோனே வால் டிராம்பியா என்ற துப்பாக்கிப் பட்டறை ஊர் அதற்குத் தளமானது. பெடர்சோலி போன்ற நிறுவனங்கள் துப்பாக்கியோடு குடுவையும் செய்கின்றன. அவை பெயரை மறைப்பதில்லை. மருந்து அளவாக விழும், பற்று உறுதி, ஸ்பிரிங் புதுசு. வெளிநாட்டில் உரிமத்தோடு கருமருந்துத் துப்பாக்கி சுடுகிறவர் வாங்க வேண்டியது இதைத்தான். நூற்றைம்பது வருஷத்துப் பற்றையும் சோர்ந்துபோன ஸ்பிரிங்கையும் நம்பி உயிருள்ள மருந்தை நிரப்புவது சரியில்லை. நகல் என்று சொல்லி விற்றால் நகல் நல்ல பொருள். கேட்ட 6,000 அசலுக்கான விலை, அது மட்டும்தான் தப்பு.

போலி எங்கே அதிகம்

சாதாரண டிக்சன் குடுவையை வேலை மெனக்கெட்டுப் போலி செய்கிறவர்கள் குறைவு. இங்கிலாந்து ஏலங்களில் நான் பார்த்தவரை அவை பெரும்பாலும் 50 முதல் 150 பவுண்டுக்குள் போய்விடுகின்றன. போலி வருவது பணம் இருக்கிற இடத்தில். கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரிவால்வரோடு வந்த, கழுகும் குறுக்குத் துப்பாக்கிகளும் போட்ட அமெரிக்கக் குடுவைகள் நல்ல நிலையில் இருந்தால் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். நகல்களிலும் கோல்ட் குடுவைதான் மிக அதிகம். இத்தாலி முத்திரையை அரம் போட்டு எடுத்துவிட்டு, பழுப்பு ஏற்றி விற்பது நடக்கிறது. முத்திரை இருந்த இடத்தில் தகடு மெலிந்து, சாய்வான வெளிச்சத்தில் லேசான பள்ளமாகத் தெரியும். கோல்ட் குடுவைதான் வேண்டும் என்றால், விவரம் தெரிந்த ஏல நிறுவனத்தில், அசல் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். கடையில், படத்தில், நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

நடுவே ஒரு வகை இருக்கிறது. உடல் அசல், தலை வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டியது. கழுத்தில் பயன்படாத பழைய துளைகள் அடைபட்டுக் கிடந்தால் அதுதான். என் கணக்கில் இது அசலுக்குக் கீழே, நகலுக்கு மேலே. பாதி விலைக்குத் தந்தால் எடுக்கலாம், பின்னால் விற்கும்போது நீங்களும் அதைச் சொல்லி விற்க வேண்டும். சொட்டை விழுந்த ஆனால் பிரிக்காத குடுவையை, சொட்டை தட்டி மெருகேற்றிய குடுவையைவிட நான் எப்போதும் மேலே வைப்பேன்.

மெருகு என்றதும் ஒரு வருத்தம். என் முதல் அசல் குடுவையை வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு வீட்டுப் பித்தளையெல்லாம் துலக்கும்போது அம்மா அதையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். மகன் ஆசையாக வாங்கியது பளபளக்கட்டும் என்று. நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பழுப்பும் அரக்கும் போய் புதுச் சொம்பு மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து வருஷமாகியும் அந்த நிறம் திரும்பவில்லை. அசலை வாங்கினால் உலர்ந்த பருத்தித் துணிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

அவன் எதை எடுத்தான்

இவ்வளவும் பார்த்த பிறகு அத்தை மகன் டிக்சனுக்கு மாறிவிட்டான். ஆனால் அவன் அதை எடுக்கக் கூடாது என்றேன். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கலைப்பொருள், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்கு. அதைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இங்கிலாந்தில் செய்தது என்று வாதாடியும் பயனில்லை. நகலைக் கொண்டுபோக வேண்டும் என்றாலும், பார்க்கப் பழசாக இருந்தால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மேலும் உள்ளே மருந்துப் படிவு இருக்கிற குடுவையை விமான நிலைய வெடிமருந்துச் சோதனைக்குள் எடுத்துப்போவது வேண்டாத வம்பு. இதே வரிசையில் ராஜஸ்தான், முகலாயப் பாணித் தந்தக் குடுவைகளைக் காட்டினால் விலையே கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். யானைத் தந்த வியாபாரம் இங்கே குற்றம்.

அவன் இருப்பதோ ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில். அங்கே பாதி விலைக்குக் கிடைப்பதை ஊட்டியில் வாங்கிப் பையில் மறைப்பானேன்? இங்கேயே இருக்கப்போகிறவருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே டிக்சனை நானே எடுத்துக்கொண்டேன், 11,000க்கு. மான் குடுவையைப் பற்றிக் கடைக்காரரிடம் திருகைக் காட்டியே விளக்கினேன். மறுநாள் அதில் புதுச் சீட்டு ஒட்டி, 'நகல், 1,800' என்று எழுதிப் படம் அனுப்பினார்.

மார்ச்சில் மான்செஸ்டர் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையிலிருந்து மறுபடி படங்கள் வந்தன. சிப்பி வடிவம் போட்ட குடுவை, 85 பவுண்டு. இந்தத் தடவை முதல் படமே தலை. இரண்டாவது, கழற்றி வைத்த நான்கு திருகுகள். மூன்றாவது டார்ச் அடித்த உள்வயிறு. நான்காவதில் லீவரை ஒதுக்கிவிட்டு எடுத்திருந்தான், தகட்டின் மேல் வில் மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

"எடுத்துக்கோ மாப்ளே" என்று அனுப்பினேன்.